பாதுகாப்புக் கயிறு அறுந்தால் விண்வெளி வீரர் என்ன செய்வார்? உயிர்காக்கப் பழக்கும் 'எக்ஸ்.ஆர்' தொழில்நுட்பம்: முழு விளக்கம்

பூமியில் இருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு கிட்டத்தட்ட 28 ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது சர்வதேச விண்வெளி நிலையம். அதன் வெளிப்புறத்தில் ஒரு வீரர் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். அவரை நிலையத்தோடு இணைத்திருப்பது ஒரு பாதுகாப்புக் கயிறு. ஒருவேளை அந்தக் கயிறு விலகி, பிடித்திருந்த கைப்பிடியும் நழுவினால் என்ன ஆகும்?

அவர் கீழே விழமாட்டார். மெல்ல மெல்ல விலகிப் போய்க்கொண்டே இருப்பார். நீந்தித் திரும்பலாம் என்றால் கையால் தள்ளுவதற்கு அங்கே காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. அவர் பின்னாலேயே போய் அள்ளிக்கொண்டு வர அவ்வளவு பெரிய விண்வெளி நிலையத்தாலும் முடியாது.

இப்படி ஒரு விபத்து அங்கே இதுவரை நடந்ததில்லை. ஆனாலும், அந்த நிலையத்தில் இருந்து நாசாவின் விண்வெளி உடையில் வெளியே இறங்கும் வீரர்கள் இதற்கான பயிற்சியை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார்கள். விண்வெளிக்குப் போகாமலேயே, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஓர் அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கண்ணில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பழகுகிறார்கள்.

வீடியோ கேம் விளையாடப் பயன்படும் அதே வகைத் தொழில்நுட்பம்தான் இது. இதற்குப் பொதுப்பெயர் எக்ஸ்.ஆர். விண்வெளியில் இது என்னென்ன செய்கிறது? எங்கே திணறுகிறது? நிலவுக்கும் செவ்வாய்க்கும் போகும்போது ஏன் இது இன்னும் முக்கியமாகிறது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எக்ஸ்.ஆர் என்றால் என்ன?

'எக்ஸ்டெண்டட் ரியாலிட்டி' என்பதன் சுருக்கம்தான் எக்ஸ்.ஆர். தமிழில் 'நீட்டிக்கப்பட்ட மெய்மை' என்று சொல்லலாம். இது மூன்று தொழில்நுட்பங்களைச் சேர்த்துச் சொல்லும் பெயர்.

முதலாவது வி.ஆர். ஹெட்செட்டை மாட்டினால் நீங்கள் இருக்கும் அறை மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கணினி உருவாக்கிய உலகம். ஷாப்பிங் மால்களில் சிலர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு "ஐயோ" என்று கத்துவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

இரண்டாவது ஏ.ஆர். நிஜ உலகம் அப்படியே தெரியும். அதன் மேல் கூடுதல் தகவல் ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்ஸ்டாகிராமில் முகத்தின் மேல் நாய்க்காது வைக்கும் ஃபில்டர் இந்த வகைதான்.

மூன்றாவது எம்.ஆர். இதில் கணினி வரைந்த பொருள் நிஜ இடத்தைப் புரிந்துகொண்டு நடந்துகொள்ளும். மேசை மேல் வைத்தால் மேசை மேலேயே இருக்கும். நீங்கள் சுற்றி வந்தால் அதன் பின்பக்கமும் தெரியும்.

பொழுதுபோக்கில் இந்த மூன்றும் ஆச்சரியம் தருவதற்காக. விண்வெளியில் தேவை வேறு. நிஜத்தில் தவறு செய்ய இரண்டாவது வாய்ப்பே கிடைக்காத ஓர் இடத்துக்குப் போவதற்கு முன், நூறு முறை தவறு செய்து பழக ஓர் இடம் வேண்டும். அங்கே போன பிறகு, பக்கத்தில் நின்று "இப்படிச் செய்" என்று சொல்ல ஒரு துணை வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்குத்தான் எக்ஸ்.ஆர்.

முதுகில் கட்டிய கடைசி வாய்ப்பு

விலகிப் போகும் வீரர் திரும்பி வர ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் 'சேஃபர்'. விண்வெளி உடையின் முதுகுப் பகுதியோடு பொருத்தப்பட்டிருக்கும் சிறிய ஜெட் கருவி இது. 24 சிறு முனைகள் வழியாக நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சி, எதிர்த்திசையில் வீரரை நகர்த்தும். 1994 செப்டம்பரில் டிஸ்கவரி விண்கலப் பயணத்தில் மார்க் லீ, கார்ல் மீட் என்ற இரு வீரர்கள் கயிறு கட்டாமல் இதை ஓட்டிப் பரிசோதித்தனர்.

கேட்க ஈஸியாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இதில் இருக்கும் வாயு மிகக் குறைவு. மொத்தத்தையும் செலவழித்தாலும் வினாடிக்கு சுமார் 3 மீட்டர் அளவுக்குத்தான் வேகத்தை மாற்ற முடியும். நாம் சாதாரணமாக ஓடும் வேகம்தான் அது. பதற்றத்தில் தவறான திசையில் அழுத்திவிட்டால், அதைச் சரிசெய்யவே பாதி வாயு போய்விடும். திரும்பி வருவதற்கு மிச்சம் இருக்காது.

விலகும் வீரர் நேராகப் போகமாட்டார், சுழன்றுகொண்டே போவார். ஒரு கணம் பூமி தெரியும், அடுத்த கணம் கறுப்பு வானம் தெரியும், அதற்கடுத்து நிலையத்தின் ஒரு மூலை தெரியும். முதலில் கருவியை இயக்கிச் சுழற்சியை நிறுத்த வேண்டும். பிறகு நிலையம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன்பின் நிதானமாக அதை நோக்கி நகர வேண்டும். ஒவ்வொரு வினாடி தாமதத்துக்கும் தூரம் கூடிக்கொண்டே போகும்.

இதைத்தான் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் உள்ள வி.ஆர் ஆய்வகத்தில் பழகுகிறார்கள். ஹெட்செட்டுக்குள் விண்வெளி நிலையம் அதன் நிஜ அளவில் தெரியும். பயிற்சியாளர் வீரரைத் 'தூக்கி எறிவார்'. கையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியால் சுழற்சியை நிறுத்தித் திரும்பி வந்து சேர வேண்டும். வாயு தீர்ந்துவிட்டால் தோல்வி. மறுபடியும் முதலில் இருந்து.

நிலையத்துக்குப் போன பிறகும் இந்தப் பயிற்சி நிற்பதில்லை. விண்வெளி நடைக்கு முன்பு, அங்கேயே ஹெட்செட் மாட்டி ஒருமுறை பழகிப் பார்த்துக்கொள்கிறார்கள். பயன்படுத்தும் நாள் வரவே கூடாது என்ற எண்ணத்தோடு எடுக்கப்படும் பயிற்சி இது.

தண்ணீருக்குள் பழகலாமே?

"விண்வெளி வீரர்கள் பெரிய நீச்சல் குளத்தில்தானே பயிற்சி எடுப்பார்கள்?" என்று கேட்கலாம். உண்மைதான். ஹூஸ்டனில் அதற்கென்றே ஒரு குளம் இருக்கிறது. நீளம் சுமார் 62 மீட்டர், அகலம் 31 மீட்டர், ஆழம் 12 மீட்டர். கொள்ளளவு சுமார் 2 கோடியே 35 லட்சம் லிட்டர். உள்ளே விண்வெளி நிலையத்தின் மாதிரிப் பகுதிகள் மூழ்கிக் கிடக்கும். உடையோடு எடை சேர்த்து, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் வீரரை மிதக்க வைப்பார்கள்.

ஆனால் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. அது எதையும் தடுத்து நிறுத்தும். குளத்தில் ஒருவரைத் தள்ளிவிட்டால் சற்று தூரத்தில் நின்றுவிடுவார். விண்வெளியில் நிற்கவே மாட்டார். அதனால் சேஃபர் பயிற்சியைக் குளத்தில் செய்ய முடியாது.

விமானத்தை மேலே ஏற்றி இறக்கி எடையற்ற நிலையை உருவாக்கும் முறையும் இருக்கிறது. அதில் ஒரு முறைக்குக் கிடைப்பது சுமார் 20 வினாடிகள்தான். அதற்குள் என்ன பழகுவது?

வி.ஆர் மட்டும் முழு உண்மையா என்றால், அதுவும் இல்லை. கண்ணுக்கு எல்லாம் நிஜமாகத் தெரியும். ஆனால் உடல் நாற்காலியில்தான் இருக்கிறது. கனமான கையுறைக்குள் விரலை மடக்கி மடக்கிக் கை வலிக்கும் வேதனை ஹெட்செட்டில் தெரியாது.

சுருக்கமாகச் சொன்னால், பூமியில் தரப்படும் ஒவ்வொரு பயிற்சியும் ஏதாவது ஓர் இடத்தில் பொய் சொல்கிறது. குளம் வேகத்தில் பொய் சொல்கிறது. விமானம் நேரத்தில் பொய் சொல்கிறது. வி.ஆர் உடல் உணர்வில் பொய் சொல்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பழகினால்தான் உண்மை முழுதாகப் பிடிபடும்.

எடை இல்லை, ஆனால் கனம் உண்டு

வி.ஆரின் இந்தக் குறையைச் சரிசெய்ய நாசா ஒரு வழி கண்டுபிடித்தது. 'சார்லட்' என்று பெயரிடப்பட்ட ரோபோ ஒன்றைக் கம்பிகளால் கட்டி நடுவில் தொங்கவிட்டார்கள். அதில் கைப்பிடிகள் இருக்கும். வீரர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அந்தக் கைப்பிடிகளைப் பிடிப்பார். கண்ணுக்குப் பல நூறு கிலோ எடையுள்ள ஒரு கருவி தெரியும். அவர் தள்ளும்போது, நிஜத்தில் அந்தக் கருவி விண்வெளியில் எப்படி நகருமோ, அப்படியே கம்பிகளை இழுத்து ரோபோ நகரும்.

இது ஏன் தேவை? தண்ணீரில் நிற்கும் பெரிய படகைக் கரையில் இருந்து கையால் தள்ளிப் பார்த்தவர்களுக்குப் புரியும். படகின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. ஆனாலும் நகர்த்த நேரம் பிடிக்கும். நகர ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவதும் கஷ்டம். விண்வெளியிலும் இதே கதைதான். எடை இல்லையே என்று வேகமாகத் தள்ளிவிட்டால், அந்தப் பொருள் போய் மோதும்வரை நிற்காது. நடுவில் கை இருந்தால் கை நசுங்கும்.

இந்தப் பயிற்சிகள் நேற்று வந்தவை அல்ல. ஹப்பிள் தொலைநோக்கி 1990-ல் ஏவப்பட்டபோது, அதன் கண்ணாடியில் குறை இருப்பது தெரியவந்தது. அதைச் சரிசெய்ய 1993 டிசம்பரில் எண்டெவர் விண்கலம் போனது. வீரர்கள் அடுத்தடுத்து ஐந்து விண்வெளி நடைகள் செய்தார்கள். அந்தப் பயணத்துக்கான தயாரிப்பிலேயே நாசா வி.ஆரைப் பயன்படுத்தியது. ஸ்மார்ட்போன் என்ற சொல்லே நமக்குத் தெரியாத காலம் அது.

'ஒரு நிமிஷம், ஹூஸ்டனைக் கேட்டுச் சொல்றேன்'

இதுவரை பார்த்தது போவதற்கு முன் எடுக்கும் பயிற்சி. அங்கே போன பிறகு?

விண்வெளி நிலையத்தில் ஆயிரக்கணக்கான கருவிகள். எல்லாவற்றையும் ஒருவர் நினைவில் வைத்திருக்க முடியாது. ஒரு வால்வை மாற்ற வேண்டும் என்றால், கணினித் திரையில் வழிமுறையைப் படிக்க வேண்டும். பிறகு கருவி இருக்கும் இடத்துக்கு மிதந்து போக வேண்டும். சந்தேகம் வந்தால் திரும்பி வந்து மறுபடி படிக்க வேண்டும். இல்லையென்றால் தரைக் கட்டுப்பாட்டு அறையைக் கேட்க வேண்டும்.

இதைச் சுலபமாக்க, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடன் சேர்ந்து 'சைட்கிக்' என்ற திட்டத்தை நாசா தொடங்கியது. ஹோலோலென்ஸ் என்ற கண்ணாடியை மாட்டினால், கருவியின் மேலேயே அம்புக்குறி தெரியும். எந்தத் திருகை முதலில் கழற்ற வேண்டும் என்று அது காட்டும். இதில் இரண்டு வழிகள் வைத்தார்கள். ஒன்றில், தரையில் இருக்கும் நிபுணர் வீரர் பார்ப்பதை நேரலையில் பார்த்து, அவர் கண் முன்னாலேயே வரைந்து காட்டுவார். இன்னொன்றில், தரையின் உதவியே இல்லாமல் கண்ணாடியே படிப்படியாக வழிகாட்டும்.

தொடக்கமே சோதனையாக அமைந்தது. 2015 ஜூன் 28-ம் தேதி இந்தக் கண்ணாடிகளை ஏற்றிச்சென்ற ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் கிளம்பிய சில நிமிடங்களிலேயே வெடித்துச் சிதறியது. அந்த ஆண்டு டிசம்பரில் வேறொரு சரக்கு விண்கலத்தில் மறுபடியும் அனுப்பினார்கள். 2016-ல் விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி அதை நிலையத்தில் பயன்படுத்திப் பார்த்தார்.

2021-ல் ஜப்பானிய வீரர் சோய்ச்சி நொகுச்சி ஏ.ஆர் கண்ணாடியின் உதவியோடு நிலையத்தின் 'டிரெட்மில்' பராமரிப்பு வேலையைச் செய்தார். ஓடும் இயந்திரத்துக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று தோன்றலாம். எடையற்ற நிலையில் உடலைத் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு சராசரியாக 1 முதல் 1.5 சதவீதம் குறைகிறது. அதைத் தடுக்கத்தான் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. அந்த இயந்திரம் பழுதானால் அது உடல்நலப் பிரச்சினை.

அதே 2021-ம் ஆண்டு அக்டோபரில் இன்னொரு சோதனை நடந்தது. நாசா மருத்துவர் ஜோசப் ஷ்மிட் பூமியில் இருந்தபடியே, முப்பரிமாண உருவமாக விண்வெளி நிலையத்துக்குள் தோன்றினார். ஹோலோலென்ஸ் அணிந்திருந்த பிரெஞ்சு வீரர் தோமா பெஸ்கே அவர் எதிரே நிற்பது போலவே பார்த்துப் பேசினார். நோய் வந்தால் மருத்துவரை 'வரவழைக்க' இது ஒரு முன்னோட்டம்.

செவ்வாயில் 'ஹலோ' சொன்னால் பதில் எப்போது வரும்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. விண்வெளி நிலையத்தில் ஒரு சந்தேகம் வந்தால், கேட்ட உடனே பதில் கிடைக்கும். நிலவு என்றால் ரேடியோ அலை ஒருவழி போகவே சுமார் 1.3 வினாடி. பேச்சில் சின்ன தடங்கல், சமாளிக்கலாம்.

செவ்வாய்? பூமியும் செவ்வாயும் எங்கெங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒருவழிக்கு 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். தூரமாக இருக்கும் காலத்தில், கேள்வி போய்ப் பதில் வர 44 நிமிடம். சுவரில் ஓட்டை விழுந்து காற்று கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருக்க முடியுமா?

ஆகவே, நிபுணர் நேரலையில் வந்து சொல்லும் வழி செவ்வாயில் எடுபடாது. தரையின் உதவி இல்லாமல் கண்ணாடியே வழிகாட்டும் இரண்டாவது வழிதான் அங்கே கைகொடுக்கும். பூமியில் இருக்கும் நூற்றுக்கணக்கான நிபுணர்களின் அறிவைப் பெட்டியில் கட்டி உடன் எடுத்துப் போக வேண்டும். வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில், கண் முன்னால் அது விரிய வேண்டும். எக்ஸ்.ஆர் மேல் விண்வெளி அமைப்புகள் இவ்வளவு ஆர்வம் காட்டக் காரணம் இதுதான்.

ஹூஸ்டனில் 2023 ஜூன் முதல் 2024 ஜூலை வரை நான்கு பேர் 378 நாட்கள் ஒரு மாதிரிச் செவ்வாய் வீட்டுக்குள் அடைந்து வாழ்ந்தார்கள். 'சேப்பியா' என்ற நாசா சோதனை அது. செவ்வாயில் நடப்பது போன்ற நடைகளுக்கு, வி.ஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் நடந்தார்கள். வெளியுலகத்தோடு பேசுவதிலும் செவ்வாய்க்கு ஆகும் தாமதம் வைக்கப்பட்டது.

கிட்டப் போயும் எட்டாத பள்ளம்

நிலவில் எக்ஸ்.ஆர் எதற்கு? 1971-ல் நடந்த ஒரு சம்பவமே பதில்.

அப்பல்லோ 14 வீரர்கள் ஆலன் ஷெப்பர்ட், எட்கர் மிட்செல் இருவரும் 'கோன்' என்ற பெரிய பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள். அதற்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். எவ்வளவு நடந்தும் விளிம்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வரைபடத்தில் பார்த்ததும் கண்ணில் தெரிந்ததும் பொருந்தவில்லை. இதயத் துடிப்பு எகிறியது. நேரம் தீர்ந்தது, திரும்பிவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, நிலவைச் சுற்றும் எல்.ஆர்.ஓ விண்கலம் எடுத்த படங்களில் அவர்களின் காலடித் தடம் தெரிந்தது. விளிம்புக்கு சுமார் 30 மீட்டர் தூரம்வரை போய்விட்டுத்தான் திரும்பியிருக்கிறார்கள்!

ஏன் இப்படி? நிலவில் மரம் இல்லை, வீடு இல்லை, மின்கம்பம் இல்லை. அளவை ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இல்லை. காற்று இல்லாததால் தூரத்தில் இருப்பது மங்கலாகவும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் சின்னப் பாறையா, தூரத்தில் இருக்கும் பெரிய பாறையா என்று கண்ணால் சொல்ல முடியாது.

அடுத்து நாசா போக விரும்பும் நிலவின் தென்துருவம் இதைவிடச் சிக்கலானது. அங்கே சூரியன் உச்சிக்கு ஏறாது. அடிவானத்தை ஒட்டியே சுற்றும். சின்னக் கல்லுக்கும் நீண்ட நிழல் விழும். ஒரு பக்கம் கண் கூசும் வெளிச்சம், மறுபக்கம் கும்மிருட்டு. அந்த இருட்டு வெறும் நிழலா, கால் வைத்தால் உள்ளே போகும் பள்ளமா என்று தெரியாது.

இந்த வெளிச்சத்தை வி.ஆரில் அப்படியே உருவாக்கி, வீரர்களை அதில் நடக்கவிட்டுப் பழக்குகிறார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில் 2024 செப்டம்பரில் 'லூனா' என்ற மையம் திறக்கப்பட்டது. சுமார் 700 சதுர மீட்டர் பரப்பில், நிலவு மண்ணைப் போன்ற 900 டன் பொடியைக் கொட்டிச் செயற்கை நிலவையே உருவாக்கி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தகட்டம் ஹெல்மெட்டுக்கு உள்ளேயே தகவல் தெரியும் திரை. "பள்ளம் வலப்பக்கம் 30 மீட்டர்" என்று கண் முன்னால் காட்டினால், அப்பல்லோ 14-க்கு நேர்ந்தது இனி நேராது. இதற்கான வடிவமைப்புகளை உருவாக்கச் சொல்லிக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டியே நடத்துகிறது நாசா.

ஹெல்மெட்டுக்குள் திரை வைப்பது ஏன் இன்னும் கஷ்டமாக இருக்கிறது?

போர் விமானங்களில் இருக்கிறதே, விண்வெளி உடையில் வைத்தால் என்ன? காரணம் பாதுகாப்பு.

விண்வெளி உடைக்குள் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க ஆக்சிஜன். அதில் சின்ன மின்பொறி பறந்தாலும் ஆபத்து. 1967 ஜனவரி 27-ம் தேதி அப்பல்லோ 1 விண்கலத்தில் தரையிலேயே நடந்த ஒத்திகையின்போது தீப்பிடித்து மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள். உள்ளே நிரப்பியிருந்த தூய ஆக்சிஜன் தீயை வேகமாகப் பரப்பியது. அந்தப் பாடம் இன்னும் மறக்கப்படவில்லை.

இன்னொரு பாடம் 2013 ஜூலை 16-ம் தேதி கிடைத்தது. இத்தாலிய வீரர் லூகா பார்மிடானோ விண்வெளி நடையில் இருந்தபோது, அவரது ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. உடையின் குளிரூட்டும் அமைப்பில் ஏற்பட்ட அடைப்புதான் காரணம். எடையற்ற நிலையில் தண்ணீர் கீழே வடியாது. முகத்தில் ஒட்டிக்கொண்டு பரவும். கண்ணை மறைத்தது, மூக்கை மூடியது, காதுக்குப் போய்ப் பேச்சும் சரியாகக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து சூரியனும் மறைந்தது. பாதுகாப்புக் கயிற்றின் இழுப்பையே வழிகாட்டியாக வைத்து, தடவித் தடவி நிலையத்தின் நுழைவு அறைக்கு வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டுக்குள் சேர்ந்திருந்த தண்ணீர் சுமார் ஒன்றரை லிட்டர்.

அந்த நிலையில் கண் முன்னால் எவ்வளவு அருமையான திரை இருந்தாலும் பயன் இருந்திருக்காது. அதனால்தான், உடைக்குள் வைக்கும் எந்தக் கருவியும் வேலை செய்யாமல் போனாலும் வீரர் பத்திரமாகத் திரும்ப முடிய வேண்டும் என்பது முதல் விதி. அதே பார்மிடானோதான் 2015-ல் ஃப்ளோரிடா கடலுக்கு அடியில் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் நடந்த 'நீமோ 20' பயிற்சிக்குத் தலைமை தாங்கினார். ஹோலோலென்ஸ் கண்ணாடிகள் அங்கேயும் சோதிக்கப்பட்டன.

எது கீழ்? குழம்பும் ஹெட்செட்

நம் வீட்டு ஹெட்செட் 'கீழ்' எது என்பதைப் புவியீர்ப்பை வைத்துத்தான் உணர்கிறது. உள்ளே இருக்கும் உணரி அதைச் சொல்லும். விண்வெளி நிலையத்தில் அந்த உணரிக்குக் 'கீழ்' என்று ஒன்று கிடைக்காது. விளைவு, திரையில் தெரியும் உலகம் தானாக நகர ஆரம்பிக்கும், சாயும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

வீரர்களுக்கோ இது ஏற்கனவே இருக்கும் பிரச்சினை. விண்வெளிக்குப் போன முதல் சில நாட்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குமட்டல், தலைசுற்றல் வரும். காதுக்குள் சமநிலை காக்கும் உறுப்பும் கண்ணும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்வதுதான் காரணம்.

2023-ல் டென்மார்க் வீரர் ஆண்ட்ரியாஸ் மொகென்சனுக்காக ஹெச்.டி.சி நிறுவனத்தின் ஹெட்செட் நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. பல மாதங்கள் அடைபட்டுக் கிடப்பவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பதே நோக்கம். புவியீர்ப்பை நம்பாமல், அசையாமல் பொருத்தப்பட்ட ஒரு கன்ட்ரோலரை ஆதாரமாக வைத்து இயங்கும்படி அதன் மென்பொருளை மாற்றினார்கள்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. கடையில் விற்கும் கருவிகளின் ஆயுள் குறைவு. ஹோலோலென்ஸ் 2 கண்ணாடி உற்பத்தியை நிறுத்துவதாக 2024-ல் மைக்ரோசாஃப்ட் உறுதிசெய்தது. சில ஆண்டுகள் நீளும் செவ்வாய்ப் பயணத்துக்கு, நடுவழியில் அப்டேட் நின்றுபோகும் கருவியை நம்பிப் போக முடியாது.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

ககன்யான் திட்டத்தில் சொந்த விண்கலத்தில் வீரர்களை அனுப்ப இந்தியா தயாராகி வருகிறது. 2025 ஜூன் 25-ம் தேதி கிளம்பிய ஆக்சியம் 4 பயணத்தில் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்தார்.

இந்தப் பயிற்சியில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. விண்வெளி வீரர்களுக்கான பயிற்சித் தொகுப்புகளை வி.ஆர், ஏ.ஆர், எம்.ஆர் தொழில்நுட்பங்களில் உருவாக்க இஸ்ரோவும் சென்னை ஐ.ஐ.டி-யும் 2022-ல் கைகோத்தன. ஐ.ஐ.டி-யில் இதற்கென உள்ள 'எக்ஸ்டிக்' மையம் இந்தப் பணியில் ஈடுபட்டது. பிரம்மாண்டமான குளம் கட்டுவதோடு ஒப்பிட்டால், ஹெட்செட் பயிற்சிக்கு ஆகும் செலவு குறைவு. இப்போதுதான் மனித விண்வெளிப் பயணத்தைத் தொடங்கும் நாட்டுக்கு இது பெரிய விஷயம்.

கடைசியாக ஒரு கேள்வி: இதை எவ்வளவு நம்பலாம்?

பயிற்சிக்கு என்றால், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம்புகிறார்கள். நிலையத்துக்குள் பழுதுபார்க்க உதவும் துணையாக, சோதனைகள் நடந்திருக்கின்றன. விண்வெளி உடைக்குள் கண் முன்னால் திரை என்பது இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது.

நிலையத்தில் பயன்படுத்தும் நாசா உடையில் வீரரின் மணிக்கட்டைப் பாருங்கள். ஒரு சின்னப் புத்தகம் கட்டியிருக்கும். அவசர நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் அச்சடிக்கப்பட்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு கண்ணாடி. மார்பில் இருக்கும் கருவியின் எழுத்துகளை வீரரால் நேராகப் பார்க்க முடியாது. அதனால் அவற்றைத் திருப்பி எழுதியிருப்பார்கள், கண்ணாடியில் பார்த்தால் சரியாகத் தெரியும்.

அந்தப் புத்தகத்துக்கு சார்ஜ் தேவையில்லை, ஹேங் ஆகாது, கீழ் எது என்று குழம்பாது. அதைவிட நம்பகமாக இருக்கிறது என்று நிரூபிக்கும் வரை, எந்தப் புதுத் திரை வந்தாலும் அது மணிக்கட்டிலேயே இருக்கும்.